போக ஒரு பாரம், வர ஒரு பாரம்

கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து எல்லாச் சாமான்களையும் பரப்பியிருந்தேன். காய்கறி நிறுக்கிற ஸ்பிரிங் தராசை ஜன்னல் கம்பியில் மாட்டி, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, எடையை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். டென்ட் 2,300 கிராம். ஸ்லீப்பிங் பேக் 1,400. பம்பு, இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டுகிற சாமான் எல்லாம் சேர்த்து 700. சின்ன கேஸ் அடுப்பு 600. மழைக்கோட்டு 350, ஸ்வெட்டர் 450, டார்ச் 250, கயிறு 150, மாத்திரை மருந்து 200. அப்பா செய்த பித்தளைப் பூட்டும் அதற்கான சங்கிலியும் 900. தண்ணீர் மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. கட்டுச்சோறு 1,200. கூட்டினால் பதினொன்றரை கிலோ.

அம்மா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுபத்துநான்கு வயது.

"ஏத்தா, ஒரு ராத்திரி தங்கி வர்றதுக்கா இம்புட்டும்?"

"தை மாசம்மா. அங்கிட்டு உறைபனி விழுகும்."

"நான் பதினாறு வருசம் பழனிக்கு நடந்தேன். ஒரு மஞ்சப்பை. அதுல ஒரு சேலை, ஒரு துண்டு, திருநீறு. என்ன கொறஞ்சுபோச்சு எனக்கு? முருகன் பாத்துக்கிட்டான். நீ தராசை நம்புற."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மாத்திரை போட எழுந்துபோனாள். அந்தக் கடைசிப் பேச்சு மூன்று நாளாக என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறது.

நாங்கள் போக நினைப்பது மன்னவனூருக்கு. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர். பழனிமலையின் மேல்தட்டில், மடிப்புகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் மாறிமாறி வருகிற இடம். கூட வருகிறவர் எங்கள் பள்ளியின் அறிவியல் டீச்சர், பேகம்பூர்க்காரர். மேல்மலையிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றி வருகிற வண்டிகள் சந்தையில் இறக்கிவிட்டு விடியுமுன் காலியாகத் திரும்பும். அப்படி ஒரு வண்டியில் சைக்கிள்களைப் போட்டுக்கொண்டு மூஞ்சிக்கல் வரை போவது; அங்கிருந்து மிதித்துச் சனிக்கிழமை மாலைக்குள் மன்னவனூர் சேருவது; மறுநாள் கொடைக்கானல் திரும்பிக் காட் ரோட்டில் இறங்குவது; வத்தலக்குண்டில் அறிவியல் டீச்சரின் அண்ணன் வேனோடு நிற்பார். இதுதான் திட்டம்.

நான் கணக்கு டீச்சர். திட்டம் போடுவதில் எனக்கு உண்மையான சந்தோஷம் உண்டு. திண்டுக்கல் கடல்மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் அளவில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆக, இங்கே மின்விசிறி போட்டுத் தூங்குகிற ராத்திரியில் அங்கே பன்னிரண்டு டிகிரி குறைவு. வானம் தெளிந்து காற்று நின்றுவிட்டால் பள்ளத்துப் புல்வெளியில் இன்னும் கீழே போகும். இறங்கும்போது பிரேக்கின் கணக்கு வேறு. நான், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து எண்பது கிலோ. 1,800 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய பதினான்கு லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். காற்றுத் தடையில் போவதைக் கழிக்காமல் சொன்னால், நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. அவ்வளவையும் இரண்டு சின்னப் பிரேக்குகள் தாங்க வேண்டும். இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு, வளைவுக்கு வளைவு நின்று ஆறவிட்டு இறங்குவது தெய்வத்தை நம்பாதவள் செய்கிற வேலையா? அம்மாவிடம் கேட்டால் பிரேக்கை ஒப்புக்கொள்வாள். அவளுக்கு வருத்தம் டென்ட்டில்தான். இரண்டு கிலோ முந்நூறு கிராம் கொண்ட "யாரும் வேண்டாம்" என்கிற அந்தச் சொல்லில்.

ஏற்பாடு எந்த இடத்தில் நின்று, நம்பிக்கை எந்த இடத்தில் தொடங்குகிறது? இதை நம் ஊரில் எழுநூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வைணவத்தில் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுக்கப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் விழும். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாயே கவ்விக்கொண்டு போகும். நம் பக்கத்திலிருந்து ஒரு பிடி வேண்டும் என்று வடகலையும், பிடியும் அவனுடையதே என்று தென்கலையும் விளக்கின. அம்மா முருக பக்தை, இந்தப் பேச்செல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் பூனைக்குட்டிக் கட்சி. நான் தராசோடு நிற்கிற குரங்குக்குட்டி.

இந்த இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் வாழ்க்கையில் நடந்ததாகச் சொல்லப்படுகிற ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 14ஆம் நூற்றாண்டில் டில்லிப் படை திருவரங்கத்துக்கு வந்தபோது, தென்கலையின் பேராசிரியர் பிள்ளை லோகாசாரியர் அரங்கனின் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு இருட்டோடு தெற்கே கிளம்பினார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. தள்ளாத வயது. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. யானைமலை அடியில் இருக்கும் கொடிக்குளம்தான் அந்த ஊர் என்பார்கள். அதே படையெடுப்பில் வடகலையின் பேராசிரியர் வேதாந்த தேசிகர், இன்னோர் ஆசாரியரின் இரண்டு பிள்ளைகளையும் ஓர் உரைநூலின் ஓலைச்சுவடியையும் காப்பாற்றுவதற்காக, பிணங்களுக்கு நடுவே பிணம்போல அசையாமல் கிடந்தார் என்பதும் அந்தக் கதைகளில்தான் இருக்கிறது. தாய் கவ்விக்கொண்டு போவாள் என்று போதித்தவர் கடவுளையே சுமந்து நடந்திருக்கிறார். பற்றிக்கொள் என்று போதித்தவர் கையைக் காலை அசைக்காமல் கிடந்திருக்கிறார். சித்தாந்தத்தில் அவர்கள் தோற்றுவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. அந்த ராத்திரியில் தங்களைப் பற்றிய கேள்வியே அவர்களுக்கு இருந்திருக்காது. ஒருவர் மூர்த்தியைப் பார்த்தார், ஒருவர் பிள்ளைகளைப் பார்த்தார்.

அம்மாவின் மஞ்சள் பைக்கு வருகிறேன். பதினொரு வயதில் ஒருமுறை தைப்பூசத்துக்கு அவளோடு நடந்தேன். திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சாயங்காலம் கிளம்பி ராத்திரி முழுக்க நடந்தோம். வழியெல்லாம் பந்தல். ஒரு இடத்தில் எலுமிச்சைச் சாதம், ஒரு இடத்தில் சுக்குக் காபி, இன்னொரு இடத்தில் காலுக்குத் தேய்க்க எண்ணெய். எங்களிடம் எதுவும் இல்லை, எதுவும் குறையவும் இல்லை. அம்மா சொல்வது பொய்யே இல்லை. ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி, நடுச்சாமம் கழிந்த நேரத்தில், ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா அண்டாவில் உப்புப் போட்டு வெந்நீர் வைத்திருந்தார். வருகிறவர்கள் காலை அதில் வைத்துவிட்டுப் போகலாம். என் காலைப் பிடித்துத் தண்ணீரில் விட்டவர், "ஐப்பசியிலேருந்து வெறகு சேத்துவச்சேன், மழைல நனையாம" என்று அம்மாவிடம் சொன்னார். அப்போது அது என் காதில் விழுந்த ஒரு பேச்சு, அவ்வளவுதான். நாற்பது வருஷம் கழித்து, தராசும் கையுமாக நிற்கும்போது அது திரும்பி வந்தது. ஐப்பசியிலிருந்து தைக்கு மூன்று மாசம். நாங்கள் கையை வீசிக்கொண்டு நடந்த அந்த ஒரு ராத்திரிக்கு, முகம் தெரியாத ஒருத்தி மூன்று மாசம் திட்டம் போட்டிருக்கிறாள்.

அந்தச் சாலையின் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ரெட்டியார்சத்திரம். ஒட்டன்சத்திரம். அதையும் தாண்டினால் சத்திரப்பட்டி. பஸ்ஸில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன், இந்தப் பெயர்களில் உள்ள சத்திரம் என் கண்ணில் பட்டதில்லை. நடந்து வருகிறவனுக்குக் கூரையும் கஞ்சியும் வேண்டும் என்று யாரோ நினைத்து, கட்டி, அதற்கு வருமானம் ஒதுக்கி வைத்தார்கள். கட்டடம் போனாலும் ஏற்பாடு ஊராக நின்றுவிட்டது. மூன்று சத்திரங்களை மிதித்துக்கொண்டுதான் அம்மா ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் போய் வந்தாள்.

இதைவிடத் துல்லியமான சான்று பழனிக்கு மேற்கே ஐவர்மலையில் இருக்கிறது. குகைத்தளத்தின் பாறை முகப்பில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள். வரகுண பாண்டியன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. பாண்டிய வரலாற்றில் காலக்கணக்குக்கு ஆதாரமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது அது. குணவீரக் குரவரின் மாணவர் சாந்திவீரக் குரவர் அங்கிருந்த பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். வழிபாட்டுக்கும் ஒரு துறவியின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார். ஒருமுறை மாணவர்களோடு போய்ப் பார்த்தபோது எனக்கு அது தேர்வுக் கேள்விக்கு ஒரு ஆண்டாக மட்டும் இருந்தது. இப்போது அந்த ஒரு துறவியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சமணத் துறவியைவிடக் குறைவாக வைத்துக்கொள்கிறவர் உலகத்தில் யாரும் கிடையாது. நாளைக்கு என்று ஒரு பிடி அரிசி வைக்கமாட்டார். அவர் அப்படி இருக்க முடிவதற்காக, பொன்னை எண்ணி, கணக்கு எழுதி, கல்லில் வெட்டி, தனக்குப் பிறகும் நடக்கும்படி ஒருவர் ஏற்பாடு செய்திருக்கிறார். 505 என்கிற எண்ணைக் கவனியுங்கள். ஐந்நூறு என்று முழுசாக நிறுத்தவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, இன்னும் ஐந்து வேண்டும் என்று யாரோ வைத்தது மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

பழனி ஆண்டவனும் அப்படித்தான். கோவணமும் தண்டமுமாக நிற்கிற அவனுக்கே சாயரட்சையில் ராஜ அலங்காரம். அம்மாவுக்கு அந்த நேரத்துத் தரிசனம்தான் உசிர். ஆண்டிக் கோலத்துக்கும் ராஜ கோலத்துக்கும் நடுவில், ஒருவர் பட்டை மடித்து வைத்து எடுத்துத் தருகிறார்.

ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் போகிறவனின் செலவு எங்கோ ஓர் இடத்தில் யாரோ ஒருவர் கணக்கில் ஏறுகிறது. பந்தல் போட்டவர்களும் விறகு சேர்த்தவரும் பொன் வைத்தவரும் மனசார ஏற்றுக்கொண்ட செலவு அது. ஏற்றுக்கொள்ளாதவர் தலையில் ஏறுவதும் உண்டு. அது எனக்கு நடந்தது. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

போன வருஷம் ஆடியில் சிறுமலைக்குத் தனியாகச் சைக்கிளில் போனேன். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. பக்கத்து மலைதானே என்று ஒரு தண்ணீர் பாட்டிலும் போனும் மட்டும் வைத்திருந்தேன். பம்பு இல்லை, டியூப் இல்லை, விளக்கு இல்லை. அப்போது நானும் அம்மாவின் வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டேன், அவன் பார்த்துக்கொள்வான் என்று. இறங்கும்போது கல் குத்திப் பின் சக்கரம் பஞ்சரானது. மழை பிடித்துக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. இருட்டத் தொடங்கியபோது ஒரு வாழைத்தோட்டத்துக் காவல்காரர் வந்தார். காட்டுமாடு திரிகிற ரோட்டில் பொம்பளையைத் தனியாக விடமாட்டேன் என்று, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, என் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு, அடிவாரம் வரை நடந்து வந்தார். திரும்ப ஏறிப்போக அவருக்கு நடுராத்திரி ஆகியிருக்கும்.

மறுவாரம் பழமும் கொஞ்சம் பணமும் எடுத்துக்கொண்டு போனேன். தோட்டத்தின் ஒரு மூலையில் இளங்கன்றுகள் முறிந்து கிடந்தன. அவர் என்னோடு நடந்த ராத்திரியில் காட்டுமாடு உள்ளே இறங்கியிருக்கிறது. தோட்டத்துக்காரருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். சம்பளத்தில் பிடித்தார்களா என்று நான் கேட்டதற்கு, "அதை விடுங்கம்மா" என்றார். பணத்தை வாங்கவில்லை. பழத்தை மட்டும் பேரனுக்கு என்று எடுத்துக்கொண்டார். முருகன்தான் அவரை அனுப்பினான் என்று அம்மா இன்றும் சொல்கிறாள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆனால், அனுப்பப்பட்டவருக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலைக்கு நான் நஷ்டம் வைத்தேன். என் நம்பிக்கைக்கு அவர் விலை கொடுத்தார். ஒரு பம்பும் ஒரு டியூப்பும் அந்தக் கன்றுகளைக் காப்பாற்றியிருக்கும்.

அதனால் பஞ்சர் சாமான் பட்டியலில் நிற்கும். டார்ச் நிற்கும். மாத்திரை நிற்கும், எனக்குச் சர்க்கரை உண்டு, நான் வழியில் மயங்கினால் சுமக்கப்போவது அறிவியல் டீச்சர். அவரிடம் அம்மாவின் கேள்வியைச் சொன்னபோது, "ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுட்டுத்தான் அல்லாஹ்வை நம்பணும்னு எங்க நபி சொல்லிக் குடுத்திருக்காங்க டீச்சர்" என்றார். நான் உடனே என் பூட்டை நினைத்தேன்.

அப்பா குடைப்பாறைப்பட்டியில் ஒரு பட்டறையில் அரம் பிடித்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லை. லீவரை ஒவ்வொன்றாகக் கையால் தேய்த்துச் சாவிக்குப் பொருத்துவார்; வீட்டுக்கு வந்தால் விரலெல்லாம் பித்தளை வாசம் அடிக்கும். பூட்டு வாங்குகிறவர்களிடம் ஒன்றை மறக்காமல் சொல்வார்: ரெண்டாவது சாவி அதே வீட்டுக்குள்ள இருக்கக்கூடாது, நம்பிக்கையான இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு இரண்டாவது சாவி நாற்பது வருஷமாக எதிர்வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஒட்டகத்தைக் கட்டுவதும் கடவுளை நம்புவதும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற இரண்டு வேலைகள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்பாவின் பூட்டில் இரண்டும் ஒரே வேலையாக இருந்திருக்கிறது. சாவி ஆணியில் தொங்காவிட்டால் அந்தப் பூட்டு முழுசான பூட்டு இல்லை.

மன்னவனூருக்கு அந்தப் பூட்டு தேவைப்படாது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். புருஷன் கேரட் போடுகிறவர். எங்களை ஏற்றிப்போகிற வண்டிகூட அவர்கள் சொல்லிவைத்ததுதான். நாங்கள் டென்ட் அடிப்பதாக இருந்தோம் என்று கேட்டதும் போனில் கத்திவிட்டாள்: "டீச்சர், காட்டுக்குள்ள டென்ட்டெல்லாம் போட விடமாட்டாங்க. காட்டுமாடு வேற. நம்ம வீட்டுல படுங்க. சைக்கிளை உள்ளயே ஏத்திரலாம். ஒன்னும் கொண்டுவராதீங்க, கம்பளி இருக்கு." அவள் சொல்வது சரி. கொடைக்கானல் மலைக்காடு 2013இலிருந்து வனவிலங்குச் சரணாலயம். மாடு மேய்கிற இடத்தில் நம் தூக்கத்துக்கு உரிமை கேட்க முடியாது. டென்ட்டைப் பட்டியலில் அடித்தேன். பூட்டையும் அடுப்பையும் அடித்தேன். தண்ணீரில் ஒரு லிட்டரைக் குறைத்தேன், பூம்பாறையில் பிடித்துக்கொள்ளலாம்.

அந்தப் புல்வெளியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகள் மேய்கிற அந்தச் சரிவுகளைப் படத்தில் பார்த்துத்தான் நாங்கள் போக ஆசைப்பட்டோம். மேல்மலையின் பெரும்பகுதி ஒரு காலத்தில் அப்படிப் புல்வெளியாக இருந்தது. மரம் இல்லாத நிலத்தைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அது வீணாகக் கிடக்கிற இடமாகத் தெரிந்தது. அவர்கள் போன பிறகு நம் வனத்துறைக்கும் அப்படியே தெரிந்தது. வாட்டில், பைன், யூக்கலிப்டஸ் என்று நட்டு நிரப்பினார்கள். வாட்டில் ஆஸ்திரேலியா மரம். அதன் பட்டையில் தோல் பதனிடுகிற டானின் உண்டு. தோல்ஷாப்பு வாசத்தில் வளர்ந்த திண்டுக்கல்காரிக்கு இதைக் கேட்கும்போது நெஞ்சில் குத்துகிறது. புல்லும் சோலையும் சேர்ந்துதான் மழையைப் பிடித்துவைத்து மெல்ல ஓடையில் விடுகின்றன. கீழே நாம் குடிக்கிறோம். காலி என்று நினைத்த இடம் வேலை செய்துகொண்டிருந்த இடம். பையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தாலே எனக்கும் கை பரபரக்கிறது, இன்னொரு ஸ்வெட்டர், இன்னொரு பிஸ்கட் பாக்கெட் என்று. அந்த இடமும் ஏதோ வேலை செய்யுமோ என்னவோ. தருகிறவர்கள் தருவதை வாங்கி வைக்க இடம் வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக்கில்தான் மாட்டிக்கொண்டேன். எடுத்துக்கொண்டு போனால் அவள் வீட்டுக் கம்பளி எனக்கு ஆகாது என்று சொன்னதாகும். மாணவியின் வீட்டில் டீச்சர் தன் படுக்கையை விரிப்பது என்ன மரியாதை? எடுக்காமல் போனால்? கம்பளி இருக்கிறது என்றாள். எத்தனை இருக்கிறது? வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள். உறைபனி விழுகிற ராத்திரியில் நாங்கள் இரண்டு பேர் போர்த்திக்கொள்வது அந்தப் பிள்ளைகள் போர்த்தியிருந்த கம்பளியாக இருந்தால், அது சிறுமலை வாழைக்கன்றுக் கதைதான் மறுபடியும். இதைப் போனில் கேட்கவும் முடியாது. இரண்டு நாள் இந்த ஒரு வரியில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கில் தெரியாத ராசியைக் கண்டுபிடிக்க ஒரு சமன்பாடாவது வேண்டும். இங்கே எதிர்முனையில் இருப்பவளின் அன்பே விடையை மறைக்கிறது.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.

"கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவா. இல்லாட்டியும் இருக்குன்னுதான் சொல்லுவா" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "காவடி எடுத்துட்டுப் போறவுக அதைத் திரும்பக் கொண்டாந்து பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. காவடி என்றால் எனக்கு இடும்பன் கதை. அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி இரண்டு மலைகளையும் ஒரு தண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன். சைக்கிள் பைகளை இரண்டு பக்கமும் சமமாகக் கட்ட வேண்டும் என்று படித்தபோதுகூட அவனைத்தான் நினைத்தேன். அம்மா நினைத்தது தைப்பூசத்துக்கு நகரத்தார் கொண்டுவருகிற சர்க்கரைக் காவடியை. குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாக நடந்து நம் ஊரைத் தாண்டிப் போவார்கள். அத்தனை மைல் தோளில் வந்த சர்க்கரை பழனியில் அவனுக்குப் போய்விடும். திரும்பி நடக்கிற தோளில் அந்தக் கனம் இருக்காது.

"போர்வையா எடுத்துட்டுப் போ. புதுசா. ராத்திரிக்கு நீங்க ரெண்டு பேரும் போத்திக்கங்க. காலைல மடிச்சு அந்தப் புள்ளைகளுக்குன்னு குடுத்துட்டு வா. அப்பறம் அவ வீட்டுல எத்தனை கம்பளி இருக்குன்னு நீ எண்ண வேண்டியதில்ல."

எழுந்துபோய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அதற்கும் அப்பாவின் பூட்டுதான். அடியிலிருந்து ஒரு சென்னிமலை இரட்டைப் போர்வையை எடுத்தாள், விலைச்சீட்டுகூடக் கிழிக்காதது. யாருக்காக வாங்கி வைத்தாள் என்று கேட்டேன். "யாருக்காச்சும் வேண்டியிருக்கும்னு" என்றாள். வாங்கி ஆறு வருஷம் ஆகிறதாம்.

தராசில் மாட்டினேன். 1,700 கிராம். ஸ்லீப்பிங் பேக்கைவிட முந்நூறு கிராம் கூட. இரண்டு பேருக்கு ஒன்று என்றால் பாதிதான் என்று அறிவியல் டீச்சர் போனில் சொன்னார்; தன் பங்குக்கு பேகம்பூரிலிருந்து ஒரு கம்பளிக் குல்லா ஜோடி கொண்டுவருகிறாராம், பிள்ளைகள் அளவுக்கு. மாணவியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

நோட்டில் பக்கத்தைத் திருப்பி, நடுவில் கோடு போட்டு, இரண்டு பத்தியாகப் புதிதாக எழுதினேன். இடது பக்கம் போக, வலது பக்கம் வர. பம்பும் டியூப்பும், இரண்டு பத்தியிலும் 700. ஸ்வெட்டர் இரண்டிலும். தண்ணீர் இரண்டிலும் 2,000. கட்டுச்சோறு போக 1,200, வர ஒன்றும் இல்லை. போர்வை போக 1,700. கூட்டினால் போக ஏழு கிலோ, வர நாலு கிலோ நூறு.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தாள். வலது பத்தியின் அடியில் விரலை வைத்து, "இதுல எடம் இருக்குல்ல? பூம்பாறை வேலப்பன் கோயில் விபூதியும், ரெண்டு மலைப்பூண்டும் எழுது" என்றாள். எழுதினேன். வண்டி விடிகாலை மூன்றரைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்; மூன்று மணிக்கு எழுப்பிவிடுவதாக அம்மா அலாரத்தைத் தன் தலைமாட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.